புளியங்குட்டை மக்கள் முன்வந்த வரலாறு

ராயக்கோட்டைக்கும் கெலமங்கலத்துக்கும் நடுவே, பாதையை விட்டு இரண்டு மைல் உள்ளே தள்ளியிருக்கும் புளியங்குட்டையில் கரியப்பன் என்ற குடியானவர் ஒரு பெருங்குற்றம் செய்துவிட்டார். ஊர்க் கிணற்றைச் சரிசெய்துவிட்டார். அதுவும் நாலே நாளில், யாரையும் கேட்காமல், சர்க்காருக்கு ஒரு வார்த்தை சொல்லாமல். அதற்கு அவர் பட்டதைச் சொல்லத்தான் இந்த வரலாறு.

குற்றவாளியின் தரப்பையும் சொல்வதுதான் நியாயம். அது படிக்கிணறு. நாற்பது படி இறங்கினால் தண்ணீர். பெண்கள் முழங்கால் தண்ணீரில் நின்று குடத்தை அமுக்கி எடுப்பார்கள். கோடை வந்தால் ஊரில் பாதிப்பேருக்கு நரம்புச் சிலந்தி வரும். காலில் கொப்புளம் எழும்பி உடைந்து, வெள்ளை நூல் மாதிரி ஒரு புழு தலையை நீட்டும். அதை ஈர்க்குச்சியில் சுற்றி, நாளைக்கு ஒரு சுற்று என்று பொறுமையாக இழுக்க வேண்டும். அவசரப்பட்டு அறுந்தால் கால் வீங்கி ஆள் மூன்று மாதம் பாயில்தான். எரிச்சல் தாங்காதவர்கள் கிணற்றுப்படியில் உட்கார்ந்து காலைக் குளிர்ந்த தண்ணீரில் வைப்பார்கள். புழு தன் குஞ்சுகளை அங்கேதான் விடும். அந்தத் தண்ணீரைத்தான் ஊர் குடிக்கும். குடித்தவருக்கு அடுத்த வருஷம் அதே மாதத்தில் சிலந்தி வரும்.

இதை விளக்கிச் சொன்னவர் கெலமங்கலத்தில் காயத்துக்கு மருந்து கட்டும் கம்பவுண்டர் ஒருவர். "படிய மூடுங்கய்யா. மேல நின்னு கயித்துல எறச்சுக் குடிங்க. எவன் காலும் தண்ணியில படலைன்னா ரெண்டே வருஷத்துல அது ஊர உட்டே போயிடும்" என்றார். அவருக்குச் சர்க்காரின் அபிவிருத்தித் திட்டத்தோடு எந்தச் சம்பந்தமும் இல்லாததால் விஷயத்தை அப்படிச் சுருக்கமாகச் சொல்ல முடிந்தது.

கரியப்பனுக்கு ஒரே மகள், முனிலட்சுமி. அஞ்செட்டி மலைப்பக்கம், நாட்றாம்பாளையத்தைத் தாண்டிக் கல்லுமடுவில் கட்டிக்கொடுத்திருந்தார். அவள் முழுகாமல் இருந்தாள். தலைப்பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்கு அனுப்ப வேண்டும். சம்பந்தி ராஜப்பன் நல்ல மனிதர். ஆனால் மனதில் பட்டதைப் பேசிவிடுவார்.

"அனுப்ப மாட்டேன்னு சொல்லல சம்பந்தி. உங்கூருத் தண்ணிய நெனச்சாத்தான் பயமா இருக்குது. எங்கூர்ல இந்த நூல்புழு கெடையாது. எங்க கெணறும் படிக்கெணறுதான். இந்தப் பொண்ணு கால்ல அது ஏறி இங்க வந்துட்டா, அப்பறம் ஊரே படுத்துடும்."

"மாசி பொறக்கறதுக்குள்ள படிய மூடிடறேன். அப்பறந்தான் எம்பொண்ண அனுப்புங்க. இது வாக்கு" என்றார் கரியப்பன்.

தை மாதம் ராகிக் களம் முடிந்த கையோடு மொய்யாள் கூப்பிட்டார். மொய்யாள் என்றால் இந்தப் பக்கத்தில் தெரியாதவர் இல்லை. இன்றைக்கு உன் வயலுக்கு நான், நாளைக்கு என் வயலுக்கு நீ. கூலி கிடையாது, மத்தியானம் களியும் அவரைக்கொட்டைக் குழம்பும் உண்டு. முப்பது பேர் வந்தார்கள். கல் உடைக்கும் ராமப்பன் முன்னே நின்றார். படிவாயைக் கல்லால் அடைத்து, இடுப்பளவு சுற்றுச்சுவர் எழுப்பி, இரண்டு கல்தூண் நட்டுக் கப்பி மாட்டினார்கள். நாலாம் நாள் சாயங்காலம் கரியப்பனின் மனைவி சென்னம்மா மேலே நின்றபடி முதல் குடத்தை இழுத்தாள். அன்றைக்குக் கரியப்பனுக்கு உண்டான சந்தோஷம் கொஞ்சநஞ்சம் அல்ல.

அந்தச் சந்தோஷம் ஒன்பது நாள் நீடித்தது. பத்தாம் நாள் அபிவிருத்தித் திட்டத்தின் கிராம சேவக் திம்மப்பன் சைக்கிளில் வந்தார். கிணற்றைப் பார்த்தார். சைக்கிளைக் கீழே போட்டுவிட்டார்.

"அய்யய்யோ, என்னா காரியம்ணா பண்ணி வெச்சிருக்கீங்க?"

"படிய மூடிட்டோங்க சாமி."

"உங்கூர நான் ஐப்பசியிலதான் 'உறக்க'த்துல எழுதி அனுப்பியிருக்கேன்! தூங்கற ஊருக்குள்ள எப்பிடிணா கப்பி வரும்?"

மூன்றாம் நாள் ஜீப்பில் அபிவிருத்தி அதிகாரியே வந்துவிட்டார். வெள்ளைச் சட்டை, கறுப்புக் கண்ணாடி, கையில் ஒரு பெரிய பதிவேடு. கிணற்றை மூன்று முறை சுற்றினார். கப்பியைச் சுண்டிப் பார்த்தார். அது சுற்றியது. அது அவருக்குப் பிடிக்கவில்லை.

"யார் செய்தது?"

"நாங்கதாங்க சாமி."

"யார் செய்யச் சொன்னது?"

"யாரும் சொல்லலீங்க."

அதிகாரி திம்மப்பன் பக்கம் திரும்பினார். "எழுதிக்கொள்ளும். மக்கள் தாமாக முன்வரவில்லை. தாமாக முன்வாருங்கள் என்று நாம் இன்னும் சொல்லவே இல்லையே. இவர்கள் எப்படித் தாமாக முன்வந்திருக்க முடியும்?"

திம்மப்பன் எழுதிக்கொண்டார். அதிகாரி குரலைத் தணித்து, குழந்தைக்குச் சொல்வதுபோலக் கரியப்பனிடம் கேட்டார். "இந்த முப்பது பேரும் ஏன் வந்தார்கள்? சுகாதாரத்தின் அருமையை உணர்ந்தா?"

"மொய்யாளுங்க சாமி. அவுங்க கழனிக்கு நான் போனேன். எங்காரியத்துக்கு அவுங்க வந்தாங்க."

"பார்த்தீரா? அது பழக்கம். பங்கேற்பு வேறு. பழக்கத்தினால் கிணறு சுத்தமாகலாம், கிராமம் முன்னேறாது. இந்த நாடு ஆயிரம் வருஷமாகப் பழக்கத்தினால்தான் கெட்டுப்போயிருக்கிறது."

பிறகு பதிவேட்டைத் திறந்து காட்டினார். மக்களுக்கு நான்கு நிலைகள் உண்டு: உறக்கம், விழிப்பு, எழுச்சி, முன்வருதல். ஒவ்வொன்றுக்கும் அச்சடித்த பக்கம் இருந்தது. உறக்கத்துக்குப் பின் குறைந்தது மூன்று மாதமாவது விழித்திருக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் எழலாம். புளியங்குட்டை, முதல் பக்கத்திலிருந்து நாலாம் பக்கத்துக்கு ஒரே தாவலாகத் தாவியிருந்தது. நடுவில் இரண்டு பக்கம் காலி. காலிப் பக்கத்தோடு பதிவேட்டை மேலே அனுப்ப முடியாது.

"அதனால் கல்லைப் பிரித்துவிடுங்கள். படியைப் பழையபடி திறந்து வையுங்கள். முறைப்படி விழித்து, முறைப்படி எழுந்து, நாங்கள் குறிக்கும் தேதியில் முன்வந்து நீங்களே மூடலாம். யாரும் உங்களைத் தடுக்கப்போவதில்லை."

"தொறந்தா மறுபடி காலு படுமே சாமி. எம்பொண்ணு புள்ளத்தாச்சி, அடுத்த வாரம் வராளுங்க."

"உம்முடைய பெண்ணுக்காகவா ஊர்க் கிணற்றில் கை வைத்தீர்? அது சுயநலம். இன்னொன்றும் சொல்கிறேன். கிணறு புறம்போக்கு. படிகள் சர்க்கார் சொத்து. நாற்பது படிகளை மறைத்தது ஆக்கிரமிப்பு. ஆனால் இந்த ஊருக்கு ஒரு சுகாதாரக் கமிட்டி இருந்து, அதற்கு நீர் தலைவராக இருந்தால், இதையே முன்னோட்டம் என்று எழுதிக்கொள்ள எனக்கு அதிகாரம் உண்டு. தலைவரா, குற்றவாளியா? நீரே தாராளமாக யோசித்துச் சொல்லும். எதையும் உங்கள் மீது திணிக்கக்கூடாது என்பது திட்டத்தின் ஆதாரக் கொள்கை."

கரியப்பன் தாராளமாக யோசித்தார். அதற்குள் திம்மப்பன் அவர் கட்டைவிரலில் மையைத் தடவிவிட்டார். அன்று கரியப்பன் எட்டுக் காகிதங்களில் கைநாட்டு வைத்தார். எதில் என்ன இருந்தது என்று அவருக்குத் தெரியாது, எழுத்து வராது. கேட்பது மரியாதை இல்லை என்று நினைத்தார்.

அடுத்த நாள் கல்லைப் பிரித்தார்கள். ராமப்பன் தான் அடுக்கிய கல்லைத் தானே பெயர்க்க முடியாது என்று கடப்பாரையைப் போட்டுவிட்டுப் போய்விட்டார். மற்றவர்கள் பிரித்தார்கள். மேற்பார்வைக்கு அலுவலகத்திலிருந்து நாலு பேர் வந்திருந்தார்கள்.

பக்கத்து வீட்டுச் சரசம்மாவுக்கு வாய் சும்மா இருக்காது. "கட்டறப்ப ஒரு நாதி வரல. பிரிக்கறப்ப நாலு பேரு கண்ணாடி போட்டுக்கிட்டு வந்து நிக்கறானுங்க" என்றாள்.

அது பதிவேட்டில் 'தாய்மார்களிடையே உற்சாகம் காணப்பட்டது' என்று ஏறியது.

முனிலட்சுமி வந்து இறங்கியபோது படிவாய் வாயைப் பிளந்துகொண்டிருந்தது. வண்டியோட்டி வந்த மருமகன் முனிராஜ் கிணற்றைப் பார்த்தான், மாமனாரைப் பார்த்தான்.

"மூடிட்டீங்கன்னு சொல்லி அனுப்பினீங்களே மாமா?"

"மூடினேம்பா. தொறக்கச் சொல்லிட்டாங்க. திரும்ப மூடத்தான் தொறந்திருக்குது."

அந்தப் பதிலைக் கேட்டு எந்த மருமகனுக்கும் மாமனார் பேரில் மரியாதை கூடாது. ஆனாலும் நிறைசூலியை அதே வண்டியில் திருப்பி மலையேற்ற முடியாது. விட்டுவிட்டுப் போனான்.

கரியப்பன் தனக்குள் ஒரு முடிவு செய்துகொண்டார். மகள் அந்தப் படியில் இறங்கக் கூடாது. தண்ணீரைத் தானே எடுத்துவந்து, சென்னம்மாவைச் சேலைத் துணியில் வடிகட்டச் சொல்லி, அதைத்தான் மகளுக்குக் கொடுப்பது. ஆம்பிளை குடம் தூக்குகிறான் என்று ஊர் சிரித்தது. சிரிக்கட்டும் என்று தூக்கினார். எட்டு நாள் எல்லாம் சரியாக நடந்தது. ஒன்பதாம் நாள் கமிட்டித் தலைவரான அவருக்கு முதல் கூட்டத்துக்கு ஓலை வந்தது.

கூட்டம் வட்டார அலுவலகத்தில். ஒன்பது மைல் நடை. பொருள்: மக்கள் தம் சுகாதாரத்தைத் தாமே கவனித்துக்கொள்வது எப்படி. அதிகாரி மூன்று மணி நேரம் பேசினார். "நாங்கள் உங்களுக்கு எதையும் செய்யப்போவதில்லை. அதுதான் இந்தத் திட்டத்தின் பெருமை. எல்லாவற்றையும் நீங்களே செய்வீர்கள். எப்போது செய்வது என்பதை மட்டும் எங்களிடம் விட்டுவிடுங்கள்" என்றார். தலைவர்கள் கை தட்டினார்கள். தட்டாதவர்களின் ஊர்ப்பெயர் குறிக்கப்பட்டது.

கரியப்பன் வீடு திரும்பும்போது பொழுது சாய்ந்திருந்தது. வீட்டில் குடம் நிரம்பியிருந்தது. "யாரு எடுத்தாந்தது?" என்றார்.

"நாந்தாம்ப்பா" என்றாள் முனிலட்சுமி. "அம்மா கால்ல கொப்புளம் கெளம்பிடுச்சு. எறங்க முடியல. தாகமா இருந்துச்சு, அங்கயே ரெண்டு கை அள்ளிக் குடிச்சுட்டேன்."

மகளைத் திட்டி என்ன ஆகப்போகிறது? படிக்கட்டைத் திட்ட முடியாது. அதிகாரியைத் திட்டினால் அது ஏதாவது ஒரு நிலையில் போய்ச் சேரும்.

விழிப்பு நிலை தொடங்கியது. முதலில் கணக்கெடுப்பு. திம்மப்பன் வீடு வீடாக வந்தார். தோளில் ஒரு கண்ணாடிப் போத்தலில் தண்ணீர் தொங்கும். புளியங்குட்டைத் தண்ணீரை அவர் ஒரு நாளும் தொட்டதில்லை. தாய்மொழி என்ற இடத்திலேயே ஒரு நாள் போயிற்று. கரியப்பன் மாட்டைக் கன்னடத்தில் திட்டுவார், சந்தையில் தெலுங்கில் பேரம் பேசுவார், மனைவியிடம் தமிழில் பயப்படுவார். கட்டம் ஒன்றுதான் இருந்தது.

அடுத்த கேள்வி: 'கிணற்றுப் படிகளை மூட நீங்கள் ஏன் மறுக்கிறீர்கள்?' பதில்கள் மூன்று அச்சாகியிருந்தன. மூட நம்பிக்கை, சோம்பல், கட்சிச் சண்டை.

"நாங்க மறுக்கலீங்களே" என்றார் கரியப்பன். "மூடணும்னுதான் அடிச்சுக்கறோம்."

"அதுக்குக் கட்டம் இல்லைண்ணா. மூணுல ஒண்ணு சொல்லுங்க."

"சோம்பல்னு எழுதினா என்னா ஆவும்?"

"தேகப்பயிற்சி. ஒரு மாசம். கட்சிச் சண்டைன்னா போலீஸ் வரும்."

"அப்ப மூட நம்பிக்கைன்னே எழுதுங்க."

அதற்குப் பலன், பங்குனி முழுவதும் செவ்வாய் வெள்ளியில் ஊருக்கு மூட நம்பிக்கை ஒழிப்புக் கதாகாலட்சேபம். பாகவதர் சேலத்துக்காரர். கிணற்றுப் படியில் சாமி இருக்கிறது என்று நம்பக்கூடாது என்று உருகி உருகிப் பாடினார். அதுவரை அப்படி ஒரு சாமி இருக்கும் விஷயம் ஊரில் யாருக்கும் தெரியாது. நாலாவது வாரம் சில பேர் படியில் மஞ்சள் குங்குமம் வைத்துக் கும்பிட ஆரம்பித்தார்கள். அதைக் கண்ட அதிகாரி, "பார்த்தீரா? நான் சொல்லவில்லை?" என்று திம்மப்பனிடம் சொல்லி, கதாகாலட்சேபத்தை இன்னும் ஒரு மாதம் நீட்டினார்.

வாரம் இரண்டு கூட்டத்துக்கு நடந்து சலித்து, கரியப்பன் ராஜிநாமா செய்யப் பார்த்தார். ராஜிநாமாவைக் கமிட்டி ஏற்க வேண்டும், கமிட்டியைத் தலைவர்தான் கூட்ட வேண்டும், கூட்டத்துக்குத் தேதி அலுவலகம் தர வேண்டும், தேதி கேட்க அவரே ஒன்பது மைல் நடந்து போக வேண்டும். ஒருமுறை போனார். அதுவும் ஒரு கூட்டமாகக் கணக்கில் ஏறியது. அன்றைக்கும் முனிலட்சுமி தண்ணீருக்கு இறங்கினாள்.

கடைசியில் பொறுக்கமாட்டாமல் ஒரு விடியற்காலை முள்ளை வெட்டி வந்து படிவாயில் போட்டு அடைத்தார். திம்மப்பன் வந்து பார்த்தார். அதிகாரி மாதிரி மிரட்டவில்லை. கிணற்று மேட்டிலேயே குந்திக்கொண்டு அழாக்குறையாகப் பேசினார்.

"அண்ணா, எனக்கும் நாலு புள்ளைங்க. மேல எழுதிப் போட்டாச்சு. தேதி வர்றதுக்குள்ள அடச்சுட்டீங்கன்னா எழுச்சியும் இல்ல, முன்வருதலும் இல்ல, எனக்கு வேலையும் இல்ல. உங்களுக்குத் தெரிஞ்சது எனக்குத் தெரியாதாண்ணா? தெரிஞ்சு என்னா பண்றது? நான் போத்தல் கொண்டாறன்."

கரியப்பனுக்கு அந்த மனிதர் மேல் பரிதாபம்தான் வந்தது. தன்னைப் பிடித்த கண்ணியில்தான் அவரும் மாட்டியிருக்கிறார் என்று பட்டது. இரண்டு பேரும் சேர்ந்தே முள்ளை எடுத்துப் போட்டார்கள்.

சித்திரையில் முனிலட்சுமிக்கு ஆண் குழந்தை பிறந்தது. மாம்பழக் காலம், அலுவலகத்துக்கு இரண்டு கூடை பீத்தர் பழம் போனது. அதன் பலனோ என்னவோ, விழிப்பு முடிந்து ஊர் எழுச்சிக்கு மாற்றப்பட்டது.

எழுச்சி என்பது ஒத்திகை. திம்மப்பன் விசில் ஊதினால் மக்கள் மூன்று பக்கத்திலிருந்தும் தன்னெழுச்சியாகக் கிணற்றை நோக்கி வர வேண்டும். பெண்கள் முன்னால், தலையில் கூடை, முகத்தில் சிரிப்பு. முதல் ஒத்திகையில் கீழ்ப்பக்கத்தார் விசிலுக்கு முன்பே எழுந்துவிட்டார்கள். இரண்டாவதில் மாடு மிரண்டது. மூன்றாவதில் ஒரு சிக்கல். சிலந்தி வந்து நொண்டிக்கொண்டிருந்தவர்கள் பன்னிரண்டு பேர். அவர்களை எங்கே நிறுத்துவது? முன்னால் நிறுத்தினால் திட்டத்தின் அவசியம் தெரியும் என்றார் அதிகாரி. போட்டோவில் நன்றாக இருக்காது என்றார் போட்டோக்காரர். பின்னால் நிறுத்தினால் ஊர் முன்வரும்போது அவர்கள் பின்தங்கியது தெரியும். இரண்டு மணி நேரம் விவாதம் நடந்தது. அது முடியும்வரை வெயிலில் நிற்கமாட்டாமல் அந்தப் பன்னிரண்டு பேரும் கிணற்றுப் படியில் வரிசையாக உட்கார்ந்து காலைத் தண்ணீரில் தொங்கவிட்டிருந்தார்கள். சென்னம்மா நடுவில் இருந்தாள்.

கரியப்பன் மேலே நின்று பார்த்தார். கத்த வேண்டும்போல் இருந்தது. அதற்குள் விசில் ஊதிவிட்டார்கள்.

ஆனி மாதம் இருபத்திரண்டாம் தேதி, மூன்று முறை தள்ளிவைத்த பிறகு, புளியங்குட்டை மக்கள் முன்வந்தார்கள். மாவட்டத்திலிருந்து மேலதிகாரி ஒருவர் வந்திருந்தார். வாழைமரம் கட்டி, மேளம் வைத்து, கிணற்றுக்கு எதிரே பந்தல் போட்டிருந்தது. மேலதிகாரி பேசினார்.

"மக்களே! உங்கள் ஆரோக்கியம் உங்கள் கையில். இதை நாங்கள் சொல்லித்தான் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது என்பது வருத்தத்துக்குரியது. இந்தக் கல்லை நான் வைக்கவில்லை, நீங்கள்தான் வைக்கிறீர்கள். என் கை அங்கே இருப்பது ஒரு அடையாளம். இந்தக் கிணற்றில் தலைமுறை தலைமுறையாகப் படிகள் இருந்தும் அதை மூட வேண்டும் என்று உங்களில் ஒருவருக்குக்கூடத் தோன்றவில்லை என்று அறிகிறேன். ஆறே மாதத்தில் அந்த எண்ணத்தை உங்கள் உள்ளத்தில் உண்டாக்கிய அதிகாரியை மனமாரப் பாராட்டுகிறேன்."

ராமப்பன் கூட்டத்திலிருந்து எழுந்து வெளியே போனார்.

மேலதிகாரி ஒரு கல்லை வைத்தார். கரியப்பன் கையில் இன்னொரு கல்லைக் கொடுத்துப் படம் எடுத்தார்கள். "நல்ல முகம். இது ஊர் ஊராகப் போகும்" என்றார் போட்டோக்காரர். பிறகு ஊர்த் தண்ணீரை மேலதிகாரி பருகுவதுபோல ஒரு படம். அவர் டம்ளரை உதட்டருகே வைத்து, கிளிக் என்றதும் கீழே வைத்துவிட்டு, சோடா கேட்டார்.

ஜீப்புகள் போன மறுநாள் ராமப்பன் கடப்பாரையோடு வந்தார். முப்பது பேர் மொய்யாள் வந்தார்கள். நாலு நாளில் படி மூடியது. ஆடியில் முனிலட்சுமி கைக்குழந்தையோடு கல்லுமடுவுக்குப் போனாள். போகும்போது நன்றாகத்தான் இருந்தாள்.

மறு பங்குனியில் கல்லுமடுவிலிருந்து ஆள் வந்தது. முனிலட்சுமிக்கு இரண்டு காலிலும் சிலந்தி. எழுந்திருக்க முடியவில்லை, குழந்தையைத் தூக்க முடியவில்லை, பால் குறைந்துவிட்டது, உடனே வரவும். அதே நாள் ஓலையும் வந்தது. கிருஷ்ணகிரியில் மாநாடு, முன்வந்த கிராமத்தின் தலைவர் என்ற முறையில் தாங்கள் பேச வேண்டும், வரத் தவறினால் பழைய ஆக்கிரமிப்புக் காகிதம் மறுபரிசீலனைக்கு எடுத்துக்கொள்ளப்படும்.

கரியப்பன் முதலில் மாநாட்டுக்குப் போனார். மிரட்டலுக்குப் பயந்து மட்டும் அல்ல. ஒருமுறையாவது சபையில் வாயைத் திறந்து சொல்லிவிட வேண்டும் என்று போனார். இருநூறு பேர் உட்கார்ந்திருந்த கொட்டகையில் எழுந்து நின்று சொன்னார்.

"சாமிங்களே, நாங்க தையிலேயே மூடிட்டோம். நீங்க தொறக்கச் சொன்னீங்க. அஞ்சு மாசம் தொறந்தே கெடந்துச்சு. எங்க தண்ணிய நாங்களே எப்பிடிச் சுத்தமா வெச்சுக்கறதுன்னு கேக்க நான் பதினேழு தடவ உங்க கூட்டத்துக்கு நடந்தேன். அந்தப் பதினேழு நாளும் வீட்ல ஆளில்லாம எம்பொண்ணு வயித்தத் தூக்கிக்கிட்டுத் தண்ணிக்கு எறங்குனா. இன்னிக்கு அவ படுத்துக் கெடக்கறா. எங்கள உட்டிருந்தா அவளுக்கு இது வந்திருக்காதுங்க. அவ்வளவுதான்."

கரியப்பனுக்கு நெஞ்சில் இருந்த பாரம் கொஞ்சம் இறங்கினதுபோல இருந்தது. அப்போது அபிவிருத்தி அதிகாரி எழுந்தார். அவர் கண்கள் கலங்கியிருந்தன.

"பெரியோர்களே, கவனித்தீர்களா? ஒரு கிராமவாசி, அதிகாரிகள் முன்னிலையில், அச்சமின்றிக் குறை கூறுகிறார்! பதிவேட்டின் பின்னட்டையில் ஐந்தாவது நிலை ஒன்று உண்டு: குறைகூறல். அது நம் காலத்தில் கைகூடும் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை. இந்த மாவட்டத்திலேயே அந்த நிலையை எட்டிய முதல் கிராமம் புளியங்குட்டை!"

கைதட்டல் அடங்க நேரமாயிற்று. கரியப்பனுக்கு மாலை போட்டார்கள். குறைகூறலுக்கான காகிதத்தில் கைநாட்டு வாங்கிக்கொண்டார்கள்.

மாலையைப் பஸ் நிறுத்தத்தில் கழற்றிப் போட்டுவிட்டு, பஸ்ஸிலும் வண்டியிலும் நடையிலுமாக மறுநாள் மத்தியானம் கல்லுமடுவை அடைந்தார். முனிலட்சுமி பாயில் கிடந்தாள். இரண்டு காலிலும் ஈர்க்குச்சி கட்டியிருந்தது. குழந்தை எட்டாத தூரத்தில் அழுதுகொண்டிருந்தது. அப்பாவைப் பார்த்ததும் அவளுக்கும் அழுகை வந்தது.

"எரிச்சல் தாங்கலப்பா. சிலந்திதான்னு தெரியறதுக்கு முன்னாடியே கெணத்துல போயி கால வெச்சுட்டேன். நாலஞ்சு நாளு வெச்சேம்ப்பா."

கரியப்பன் குழந்தையை எடுத்து அவள் மடியில் வைத்துவிட்டு ஓட்டமாக வெளியே வந்தார். வாசலில் ராஜப்பன் இருந்தார்.

"சம்பந்தி, கெணத்துப் படிய மூடுங்க. இன்னிக்கே. யாருகிட்டயும் சொல்ல வேணாம், யாரையும் கேக்க வேணாம். இந்தத் தண்ணிய இனி ஒருத்தரும் வாயில வெக்கக் கூடாது. நாலு ஆளக் கூப்புடுங்க."

ராஜப்பன் கோபப்படவில்லை. ஏதோ தெரிந்துவைத்திருப்பவர்போலத் தலையை ஆட்டினார். "எங்களுக்கும் பயந்தான் சம்பந்தி. போன வாரமே மூடிடலாம்னு கல்லெல்லாம் கொண்டாந்து போட்டோம். அப்பறம் உங்க நோட்டீச பாத்துட்டுத்தான் நிறுத்திட்டோம்."

"என்னா நோட்டீசு?"

மாரியம்மன் கோவில் சுவரில் அது ஒட்டியிருந்தது. கரியப்பன் முகம், கையில் கல். முனிராஜ் எழுத்துக் கூட்டிப் படித்தான். "'புளியங்குட்டை கரியப்பன் கூறுகிறார். சகோதரர்களே, அவசரப்பட்டுக் கிணற்றுப் படியை மூடாதீர்கள். நான் ஒருமுறை அப்படிச் செய்து தவறினேன். அதிகாரிகள் வந்து தேதி குறிக்கும்வரை பொறுத்திருந்து, பிறகு தாமாக முன்வாருங்கள்.'"

"இத நான் சொல்லலப்பா!"

"மொகம் உங்களுதுதானே மாமா? கீழ கைநாட்டும் இருக்குதே."

கட்டைவிரல் ரேகை அவருடையதுதான். கரியப்பன் நேராகக் கிணற்றடிக்குப் போனார். குவித்து வைத்திருந்த கல்லில் ஒன்றைத் தூக்கிப் படிவாயில் போட்டார். இரண்டாவதைத் தூக்கும்போது ராஜப்பன் வந்து கையைப் பிடித்துக்கொண்டார். மரியாதையாகத்தான் பிடித்தார். பின்னால் ஊர் ஆட்கள் பத்துப் பேர் நின்றார்கள். நோட்டீசில் இருக்கும் பெரிய மனிதரைப் பார்க்க வந்தவர்கள்.

"பொறுங்க சம்பந்தி. பொண்ணு படுத்துட்ட வருத்தத்துல என்னா பேசறோம்னே தெரியல உங்களுக்கு. கிராம சேவக் வந்துட்டுப் போயிட்டாரு. எங்களையும் உறக்கத்துல எழுதிக்கிட்டாரு. என்னையே தலைவராப் போட்டிருக்காங்க. தையில தேதி குடுத்துடுவாங்க."

கரியப்பன் கையிலிருந்த கல்லை ராஜப்பன் மெதுவாக வாங்கிக் குவியலில் திரும்ப வைத்தார். படிவாயில் விழுந்திருந்த கல்லை முனிராஜ் இறங்கி எடுத்துவந்தான். வழி திறந்ததும், அதுவரை குடத்தோடு ஓரமாகக் காத்திருந்த மூன்று பெண்கள் தண்ணீரில் இறங்கினார்கள்.